வாகனவியல்: பின்பக்க வில் இறங்குவதற்குத் ‘தொய்வு’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். வண்டியின் வில் (ஸ்பிரிங்) தாழ்ந்துபோவதற்கு அகராதியில் சேர்க்கத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> சுமை ஏற்றிப் பழகிய பழைய பொலீரோக்களில் பின்பக்கம் தாழ்ந்துபோவதைத் ‘தொய்வு’ என்றே எழுதலாம். மின்கம்பிக்கு ஏற்கெனவே அந்தச் சொல் இருக்கிறது.

மின்கம்பிக்கு அது நல்ல சொல்தான். ஆனால் வண்டியின் பின்பக்கம் தாழ்வதில் இரண்டு வேறு நிகழ்வுகள் உள்ளன. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் பழுது பார்ப்பவர் தவறான மருத்துவத்தைத் தேர்ந்துவிடுவார் என்பதே என் கவலை.

முதலாவது, மூட்டை ஏற்றியதும் வில் தாழ்ந்து, இறக்கியதும் பழைய உயரத்துக்குத் திரும்புவது. இது மீட்சி எல்லைக்குள் நடக்கிறது, பழுதே இல்லை. இரண்டாவது, பல ஆண்டுகள் அளவுக்கு மீறிச் சுமந்ததால் வில்லின் உருக்கு நிலையாக வளைவிழந்து, வண்டி வெறுமையாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருப்பது. பட்டறைக்குப் போக வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பின்பக்க வில் ஒவ்வொன்றும் 4 கிலோவுக்கு 1 மில்லிமீட்டர் தாழும் என்றும், வெற்று வண்டியில் அச்சுக்கும் அதன் மேலுள்ள ரப்பர் தடுப்புக்கும் இடையே 80 மி.மீ. இடைவெளி உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு 200 கிலோ ஏற்றினால் வில் 50 மி.மீ. தாழும், 30 மி.மீ. மிஞ்சும், பள்ளங்களைத் தாங்க அது உதவும். அதே வில் நிலையாக 30 மி.மீ. இறங்கிவிட்டிருந்தால் தொடக்க இடைவெளியே 50 மி.மீ.தான். அதே 200 கிலோவுக்கு அதே 50 மி.மீ. தாழ்ந்து, அச்சு ரப்பரில் போய் உட்கார்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு குழியும் நேராக வண்டியின் சட்டத்தில் (சேஸிஸில்) இடிக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இறங்கிய வில்லும் கிலோவுக்கு ஏறத்தாழ அதே அளவுதான் தாழ்கிறது என்பது. வில்லின் விறைப்பு, உருக்கின் மீட்சிக் குணகத்தையும் (வளைக்கும் விசையை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு), வில்லில் அடுக்கியிருக்கும் உருக்குப் பட்டையின் தடிமன், அகலம், நீளம் ஆகியவற்றையும் பொறுத்தது. வளைவு குறைந்ததால் இவை மாறிவிடுவதில்லை. ஆகவே வேறொருவர் முன்வைத்த ‘தளர்ச்சி’யையும் என்னால் ஏற்க முடியவில்லை. விறைப்பு குறைந்துவிட்டது என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. அந்த எண்ணம்தான் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகச் சொல்கிறது. அப்படிச் செருகினால் விறைப்பு கூடும். சுமையில்லாதபோது வண்டி தூக்கிப்போடும். எப்போதும் பெருஞ்சுமை ஏற்றுபவருக்கு அது பொருந்தலாம்; மற்றவருக்குப் புதிய வில்லோ, முறையாக வளைவு ஏற்றிய பழைய வில்லோ போதும். எரிவாயு விளக்கால் காய்ச்சி வளைத்துவிட்டு, எண்ணெயில் குளிரவைத்துப் பதப்படுத்தாமல் மாட்டினால், உருக்கு பதம் இழந்து விரைவில் மறுபடி இறங்கும். ஷாக் அப்சார்பரை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு: அது ஆட்டத்தை அடக்குவது, எடையைத் தாங்குவது வில்.

உயரத்தோடு பிரேக்கும் பிணைந்திருக்கிறது. பல வண்டிகளில் பின் அச்சின் உயரத்தை வைத்துச் சுமையை ஊகித்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு உண்டு. வில் இறங்கினால் வெற்று வண்டியையும் அது சுமையேறிய வண்டியாகக் கொள்ளும்; பின்சக்கரம் முன்னதாகப் பூட்டிக்கொள்ளலாம். உயரத்தை மீட்டபின் அந்த வால்வை அச்சோடு இணைக்கும் கம்பியைச் சரிபார்ப்பதும், முகப்பு விளக்கின் சாய்வைத் திருத்துவதும் அவசியம்.

இனி சொல். பட்டறையில் “பட்டை இறங்கிடுச்சு” என்பார்கள்; சுமை ஏற்றும்போது “அமுங்குது” என்பார்கள். வேறுபாடு பேச்சிலேயே இருக்கிறது. நாம் அதை எழுத்துக்குக் கொண்டுவந்தால் போதும். ‘அமுக்கம்’ என்று ஆக்க முடியாது. இலங்கைப் பாடநூல்களில் அது அழுத்தத்தைக் குறிக்கிறது. எனவே மீளும் நிகழ்வுக்குச் ‘சுமைத்தாழ்வு’ என்றும், மீளாததற்கு ‘வில்லிறக்கம்’ என்றும் முன்மொழிகிறேன். வில் என்னும் சொல்லில் தடையிருக்காது: தமிழகத்தில் ‘சுருள்வில்’, இலங்கையில் ‘விற்சுருள்’, ‘விற்றராசு’ என அது இரு கரையிலும் வழங்குகிறது. பொலீரோவின் பின்பக்கப் பட்டை வில்லுக்கும், 2002-இல் வந்த ஸ்கார்பியோவின் பின்பக்கச் சுருள்வில்லுக்கும் ‘வில்லிறக்கம்’ ஒருசேரப் பொருந்தும். ‘பட்டையிறக்கம்’ என்றால் பின்னது விடுபட்டுப்போகும். மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரின் எடைக்கேற்ப வேண்டுமென்றே வைத்துக்கொள்ளும் தாழ்வு, சுமைத்தாழ்வில் அடங்கும்.

அகராதிக்கான விளக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன்; திருத்தங்களைச் சொல்லுங்கள்.

வில்லிறக்கம்: மிகைச்சுமையாலோ நெடுநாள் பயன்பாட்டாலோ வில் நிலையாக வளைவையோ உயரத்தையோ இழத்தல். சமதரையில் வெற்று வண்டியை நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை இருபுறமும் அளந்து, தயாரிப்பாளர் தந்த அளவோடு ஒப்பிட்டு அறியப்படுவது.

அன்புடன்.