உதவி: கேரக்டரின் பழி தீர்ந்துவிட்டது, இனி கதையை எந்தப் பக்கம் கொண்டுபோவது?

மாடக்குளத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் ஆறு பேர் டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் தமிழிலேயே ரோல்பிளே எழுதி ஆடுகிறோம், அதாவது ஆளுக்கொரு கேரக்டராகக் கதையைச் சேர்ந்து எழுதுகிறோம். களம் திருமலை நாயக்கர் கால மதுரை, கதைக்குள் இப்போது 1655. என் கேரக்டர் வீரணன், கோட்டைக் கொத்தளம் ஒன்றில் காவல் நிற்பவன். அண்ணனைக் காட்டிக்கொடுத்தவனைத் தேடிப் பிடிப்பதுதான் தொடக்கத்திலிருந்தே அவன் குறி. போன மாதம் பிடித்துவிட்டான். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படியில் அந்த ஆள் பார்வை போய் உட்கார்ந்திருந்தான். வீரணன் கத்தியை உறையில் போட்டுவிட்டு, அவனுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு வந்துவிட்டான். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதோடு கதை நின்றுவிட்டது. இப்போது காவல் நிற்கிறான், கூழ் குடிக்கிறான், தூங்குகிறான். புது எதிரி ஒருவனைக் கொண்டுவந்து பார்த்தேன், டைஸ் உருட்டி வந்ததை எழுதியும் பார்த்தேன். இரண்டும் ஓரிரு காட்சியிலேயே சப்பென்று ஆகிவிட்டன. குழுவில் இருவர் யோசனை சொல்கிறார்கள். பட்டு வணிகர் மகள் செண்பகமாக ஆடும் அக்கா, அவளுக்கு வழித்துணையாக வீரணன் வரட்டும் என்கிறார். ஒற்றனாக ஆடும் நண்பர், வீரணன் செத்தால் தன் கேரக்டருக்குப் பெரிய திருப்பம் கிடைக்கும் என்கிறார். ஆட்டத்தை நடத்துகிற கேம் மாஸ்டர் "நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார். யார் மனமும் கோணாமல் இதை எப்படித் திட்டமிடுவது? வீரணனை விட எனக்கு மனமில்லை.

தறிச்சத்தம்:

தம்பி, சாவு விஷயத்தில் கடைசி வார்த்தை அந்தக் கேரக்டரை ஆடுபவருடையது. கதைக்கு வெளியே நாமாகப் பேசிக்கொள்ளும் ஓஓசி (out of character) சேனலில் நேராகச் சொல்லிவிடுங்கள்: சாவு வேண்டாம், காயம், சிறை, அவமானம், வேலை போவது எல்லாம் சரி. எது கூடாது என்று தெரிந்துவிட்டால் மற்றவர்கள் தாராளமாக யோசிப்பார்கள். அப்படியே ஒற்றனாக ஆடும் நண்பரிடம் கேளுங்கள், வீரணன் செத்தால் ஒற்றனுக்கு என்ன கிடைக்கிறது? குற்ற உணர்ச்சியா, தனிமையா, ஊரை விட்டு ஓடவேண்டிய கட்டாயமா? எதுவானாலும் வீரணன் உயிரோடு இருந்தபடியே அதைக் கொடுக்க வழி இருக்கும்.

அப்புறம், அந்தப் புது எதிரி ஏன் எடுபடவில்லை தெரியுமா? அவன் வீரணனிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. பழி தேடி அலைந்த காலத்தில் வீரணன் யாரிடம் கடன்பட்டான்? அவனுக்குப் பதிலாகக் காவல் நின்றது யார்? பழைய பதிவுகளைத் திரும்பப் படியுங்கள். அடுத்த கதைக்கு வேண்டியது பாதி அங்கேயே கிடக்கும்.

கீழமாசிவீதி:

அண்ணே, கோட்டையின் 72 கொத்தளங்களையும் 72 பாளையங்களின் பொறுப்பில் விட்ட ஏற்பாடு விசுவநாத நாயக்கர் காலத்திலிருந்து வருவதாகச் சொல்வார்கள். அப்படியென்றால் வீரணனுக்குச் சோறு போடுபவர் ஒரு பாளையக்காரர். அவருக்கும் மன்னருக்கும் மனக்கசப்பு வந்தால் வீரணன் யார் பக்கம்? இதை ஒரு கேள்வியாக வைத்தாலே பல மாதத்துக்கு ஆடலாம். பாளையத்துக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள், உண்மைப் பெயர் போட்டால் கதையை விட்டுவிட்டு வரலாற்றுச் சண்டையில் இறங்கிவிடுவார்கள்.

பரமக்குடிக்காரன்:

1655 என்கிறீர்கள், மூக்கறுப்புப் போர் பக்கத்தில் வந்துவிட்டதே! 1656 வாக்கில் மைசூர்ப் படை உள்ளே புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. திருமலை மன்னர் அப்போது உடல்நலம் குன்றிக் கிடக்கிறார். ராமநாதபுரச் சீமையை ஆண்ட ரகுநாத சேதுபதியிடம் உதவி கேட்டுச் செய்தி போகிறது. அந்த ஓலையைக் கொண்டுபோகிறவனாக வீரணனை வையுங்கள்.

மதுரையிலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். வைகையை ஒட்டியே போனால் திருப்புவனம், மானாமதுரை, எங்கள் பரமக்குடி என்று வழியிலேயே காட்சிக்கு இடம் கிடைத்துவிடும். ஓலை செண்பகத்தின் பட்டு மூட்டைக்குள் இருந்தால் வழித்துணைக்குக் காரணமும் கிடைத்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நடப்பதாக வைத்தால் ஆற்றில் வெள்ளம் வரலாம், கரை மாறுவதே ஒரு காட்சி. சித்திரையில் என்றால் வெறும் மணல். ஒளிய இடமிருக்காது, பின்தொடர்பவன் தூரத்திலேயே பார்த்துவிடுவான்.

மாடக்குளத்தான்:

அருமை, அண்ணே. ஆனால் சேதுபதி வந்தார், மைசூர்ப் படை விரட்டப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியுமே. பதற்றம் எங்கிருந்து வரும்? ராமநாதபுரம் வரை முழுக்கத் திட்டம் போட்டுவிடலாமா?

தறிச்சத்தம்:

வேண்டாம். சேதுபதி வந்தார் என்பதுதான் எல்லாருக்கும் தெரியும். செண்பகம் யாரை நம்பினாள், வீரணன் எதை இழந்தான் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது. ஊர்களை மட்டும் முடிவு செய்யுங்கள், ஒவ்வொரு ஊரிலும் காட்சியைத் தொடங்குபவர் யார் என்பதையும். மானாமதுரைச் சத்திரத்தில் பாளையக்காரரின் ஆள் வந்து, "ஓலையை என்னிடம் கொடு, உன் சம்பளப் பாக்கி முழுதும் தீரும்" என்கிறான். திட்டம் அந்த வாக்கியத்தோடு நிற்கட்டும். கொடுப்பானா மாட்டானா என்பதை ஆடும்போதுதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று. "செண்பகம் பயந்துபோனாள்" என்று நீங்கள் எழுதக் கூடாது. "வீரணன் கதவைத் தாழிட்டுவிட்டு அவளைப் பார்த்தான்" என்று நிறுத்துங்கள். பயப்படுவதா, சிரிப்பதா என்பது அந்த அக்காவின் பாடு. எத்தனையோ நல்ல குழுக்கள் இந்த ஒரு விஷயத்தில்தான் உடைந்திருக்கின்றன.

மாடக்குளத்தான்:

நேற்று இரவு எல்லாரும் பேசினோம். நண்பருக்கு வேண்டியது ஒற்றன் மதுரையை விட்டு ஓடவேண்டிய நிலைதானாம். அதனால் அவரே சொன்னார்: ஓலையில் ஒற்றனின் பெயரும் இருக்கிறது. வீரணனுக்கு எழுத்துத் தெரியாது, ஒற்றனுக்கு விஷயம் தெரியும். ஓலை போய்ச் சேர்ந்தால் அவன் தலை போகும், சேராவிட்டால் மதுரை போகும். இதைக் கேட்டதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். மூக்கறுப்பைக் காட்சியாக எழுத வேண்டாம், செய்தியாக வரட்டும் என்று அக்கா கேட்டார், எல்லாரும் ஒத்துக்கொண்டோம். கேம் மாஸ்டர் பாளையக்காரரை எடுத்துக்கொண்டார். பழைய பதிவுகளில் தேடினேன், வீரணனுக்குப் பதிலாகக் காவல் நின்றவன் மாயாண்டி என்றொரு என்பிசி, அதாவது எங்களில் யாரும் ஆடாத, கேம் மாஸ்டர் நடத்தும் கேரக்டர். பாளையக்காரரின் ஆளாக அவனையே மானாமதுரைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே சிக்கல், நண்பர் சிங்கப்பூரில் இருக்கிறார். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே காட்சி சூடுபிடிக்கும்போது அவர் தூங்கப் போய்விடுகிறார்.

கீழமாசிவீதி:

ஒற்றன் பின்தொடர்கிறவன்தானே அண்ணே, அவன் எல்லாக் காட்சியிலும் கூடவே நிற்கத் தேவையில்லை. நீங்கள் இரவில் ஊர் சேருங்கள், அவர் மறுநாள் காலையில் அந்த ஊருக்கு வந்து விசாரிக்கட்டும். நேருக்கு நேர் சந்திக்கும் காட்சியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு ஒதுக்குங்கள். அவர் பதிவு வர ஒரு நாளுக்கு மேல் ஆனால் மற்றவர்கள் தங்கள் கேரக்டரை மட்டும் நகர்த்தலாம், ஒற்றனைத் தொடக் கூடாது. இதை இப்போதே ஓஓசி சேனலில் எல்லார் கண்ணிலும் படும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள்.