கலைச்சொல் வேண்டும்: ‘வளநற்செய்தி’யா, ‘செழிப்பு உபதேசம்’ஆ?

இரா. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பிரேசில் அரசியல் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பிராஸ்பெரிட்டி காஸ்பல்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நம்பிக்கையோடு காணிக்கை கொடுத்தால் கடவுள் பணமும் உடல்நலமும் பன்மடங்காகத் தருவார், வறுமை விசுவாசக் குறைவு என்று போதிக்கும் போக்கு அது. 1977-இல் ரியோ டி ஜெனீரோவில் எடிர் மசெடோவும் கூட்டாளிகளும் தொடங்கிய திருச்சபை இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. மசெடோ 1989-இல் ரெக்கார்ட் தொலைக்காட்சியை வாங்கினார். 2014-இல் சாவோ பாலோவில் அந்தத் திருச்சபையின் சாலமோன் ஆலயம் திறந்தபோது அதிபர் டில்மா ரூசெஃப் வந்து அமர்ந்திருந்தார். 2018 அதிபர் தேர்தலில் அதே மசெடோ வலதுசாரி வேட்பாளர் பொல்சொனாரோவை ஆதரித்தார். மற்ற வேட்பாளர்கள் குளோபோ தொலைக்காட்சியில் விவாதித்துக்கொண்டிருந்த நேரத்தில், ரெக்கார்ட் பொல்சொனாரோவின் தனிப் பேட்டியை ஒளிபரப்பியது.

‘வளமை நற்செய்தி’ என்று எழுதியிருந்தேன். வேளாண் துறை அறிவிப்பைப் போல் இருக்கிறது என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்.

செ. எழுதியது:

‘வளமை’ வேண்டாம், ‘வளம்’ போதும். வளம் + நற்செய்தி = வளநற்செய்தி. மகர ஈறு, அதாவது சொல்லின் இறுதி ‘ம்’, கெட்டுப் புணர்வதற்கு நன்னூல் இடம் தருகிறது. வீரமாமுனிவர் தேம்பாவணிக் காப்பியத்தில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை யோசேப்புக்கு ‘வளன்’ என்று பெயரிட்டதை நினைத்துப் பாருங்கள். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் ‘பெருகச் செய்வார்’ என்ற பொருள் உண்டு. முனிவர் ஓசையை விட்டுப் பொருளைப் பிடித்தார். கிறித்தவத் தமிழில் இந்த வேர் முந்நூறு ஆண்டுகளாக ஊன்றி நிற்கிறது. சுவிசேஷம், உபதேசம் என்று வடமொழிக்குத் திரும்ப வேண்டிய தேவையே இல்லை.

மே. எழுதியது:

புலவர் ஐயா, தேம்பாவணியின் வளன் தச்சர். உழைத்துச் சாப்பிட்ட ஏழை. அவர் பெயரை இந்தப் போதனைக்குச் சூட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

சபைகளில் ஏற்கெனவே ஒரு சொல் புழங்குகிறது: ‘செழிப்பு உபதேசம்’. அதை எதிர்த்துப் பிரசங்கம் செய்கிறவர்களும் அந்தச் சொல்லையே சொல்கிறார்கள். ‘பிரியமானவனே, உன் ஆத்துமா வாழ்கிறதுபோல நீ எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி வேண்டுகிறேன்’ என்று யோவான் தன் மூன்றாம் நிருபத்தில் நண்பருக்கு எழுதிய வாழ்த்தை, எல்லோருக்கும் செல்வம் தருவதாகச் செய்த வாக்குறுதியாகத் திரிக்கிறார்கள். எங்கள் சபையில் ஓர் அம்மாள், சீட்டு எடுத்த பணத்தை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்தவர், அதை ஒரு கூட்டத்தில் ‘விதைக் காணிக்கை’ என்று உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்தது, பணம் வரவில்லை. இன்னும் விசுவாசம் வேண்டும் என்றுதான் அவருக்குப் பதில் கிடைத்தது. இதை ‘நற்செய்தி’ என்று அழைக்க என்னால் முடியாது.

அ. எழுதியது:

கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன். ‘உபதேசம்’ என்றால் மாணவர்கள் இதைக் கோயில் விவகாரமாக மட்டுமே பார்ப்பார்கள். செல்வம் கடவுளின் ஒப்புதல் முத்திரை என்று நம்புகிறவருக்குப் பணக்கார வேட்பாளர் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டவராகத் தெரிவார். அமெரிக்காவில் டிரம்பின் முதல் திருமணத்தை 1977-இல் நடத்திவைத்தவர், நேர்மறைச் சிந்தனையைப் பிரசங்கமாக்கிய நார்மன் வின்சென்ட் பீல். 2017 பதவியேற்பு விழாவில் வேண்டுதல் செய்தவர்களில் ஒருவர் தொலைக்காட்சிப் போதகர் பவுலா ஒயிட். அவருடைய அமைப்பு உட்பட ஆறு தொலைக்காட்சி ஊழியங்களின் கணக்கைச் செனட்டர் கிராஸ்லி 2007-இல் கேட்டார். சிலர் தர மறுத்தார்கள். 2011-இல் யார் மீதும் நடவடிக்கை இல்லாமல் விசாரணை முடிந்தது. ‘செல்வ இறையியல்’ என்றால் இந்த அதிகாரப் பக்கத்தையும் சேர்த்துப் பேச முடியும்.

செ. எழுதியது:

அம்மா, ‘செல்வ இறையியல்’ என்பதை எப்படி விரிப்பீர்கள்? செல்வத்தை உடைய இறையியலா, செல்வத்தைப் பற்றிய இறையியலா? வள்ளுவர் ‘அருட்செல்வம்’, ‘பொருட்செல்வம்’ என்று பிரித்துச் சொன்ன பிறகு வெறும் ‘செல்வம்’ என்றால் எதைக் கொள்வது? அப்படியானால் ‘பொருட்செல்வ இறையியல்’ என்றாவது சொல்லுங்கள்.

அ. எழுதியது:

அவ்வளவு நீளமான சொல்லைக் கரும்பலகையில் எழுதலாம். தேர்வுத்தாளில் மாணவர் எழுத மாட்டார், ஐயா.

இரா. எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லாததால், கட்டுரையில் ‘செழிப்பு உபதேசம்’ என்றே போடுகிறேன். வாசகருக்குப் பழகிய சொல், அந்தப் போதனையை எதிர்க்கிறவர்களும் பயன்படுத்துகிற சொல். கோட்பாட்டைப் பேசும் இரண்டு பத்திகளில் மட்டும் ‘செல்வ இறையியல்’ வரும். மேசையில் இன்னும் ஒன்று இருக்கிறது: பிரேசில் நாடாளுமன்றத்தில் கட்சி கடந்து சேர்ந்து வாக்களிக்கும் சுவிசேஷ உறுப்பினர்களின் ‘பங்காடா’. ‘அணி’ என்பதா, ‘குழு’ என்பதா?

செ. எழுதியது:

‘அணி’ என்றே எழுதுங்கள், தம்பி. ஆனால் ‘செழிப்பு உபதேசம்’ என்பதை நான் ஏற்கவில்லை என்பது பதிவாகட்டும். அதையே போடுவதாக இருந்தாலும், குற்றியலுகரம் உயிர் வந்தால் கெடும் அல்லவா? ‘செழிப்புபதேசம்’ என்று சேர்த்து எழுதுவதே முறை.