கிட்னி மாற்றியவருக்கு நெற்றியில் அக்கி, கண்ணுக்கு ஆபத்தா?

தேனி மருமகள்:
மாமாவுக்கு வயது 61. கிட்னி மாற்று ஆபரேஷன் ஆனவர். மாற்றின கிட்னியை உடம்பு ஒதுக்காம இருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்துகள் டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், கொஞ்சம் ஸ்டீராய்டு தினமும் உண்டு. முந்தாநாள் இடப்பக்க நெற்றி எரியுதுன்னார். நேற்று கொப்புளம். இன்று காலை மூக்கு நுனியிலும் இரண்டு. இமை வீங்கியிருக்கு, ஆனா பார்வை நல்லா தெரியுது, கண் வலிக்கலைங்கிறார். குயவர் வீட்டுக்குப் போய் காவி குழைச்சு அக்கி எழுதணும்னு அத்தை ஒற்றைக்காலில் நிக்கிறாங்க. கிட்னி டாக்டர் தேதி அடுத்த வாரம். அதுவரை பொறுக்கலாமா?

கண்ணாடிக் கடைக்காரன்:
பொறுக்காதீங்க, இன்னைக்கே கண் டாக்டர்கிட்ட காட்டுங்க. மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்புக் கிளைதான் போகுது. அங்க கொப்புளம்னா கண்ணுக்குள்ளயும் இறங்க வாய்ப்பு அதிகம். வலி இல்லைங்கிறதை நம்பாதீங்க. அக்கி வர்றது சின்னம்மை வைரஸால்தான், அது கருவிழியை மரத்துப்போக வைக்கும், புண் வந்தாலும் உறைக்காது. மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிச்சு விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்க. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு விழித்திரையில் இறங்கினால் சில நாளிலேயே பார்வை போயிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மட்டும் விட்டுடாதீங்க.

மறுபிறவி:
நானும் கிட்னி மாத்தினவன்தான். இந்த வைரஸுக்கான மாத்திரை அசைக்ளோவிர் வழக்கமா 800 மி.கி., ஒரு நாளைக்கு ஐந்து வேளை. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிச்சா நல்லது. நம்ம மாதிரி ஆளுக்குக் கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்தப் பரிசோதனை) பார்த்து அளவைக் குறைப்பாங்க. ஊசியா ஏத்தினால் கூடவே சலைனும் போகணும், இல்லேன்னா மருந்தே கிட்னியில் உப்பு மாதிரி படியும். மைக்கோஃபெனோலேட்டை நீங்களா நிறுத்தாதீங்க, அதை டாக்டர் சொல்லட்டும். தேதிக்குக் காத்திருக்காம இப்பவே போன் போடுங்க.
அத்தைகிட்ட சொல்லுங்க: அக்கி எழுதாட்டியும் கொப்புளம் தானா வாடும். கண்ணுக்குள்ள போனதுக்குக் காவி எட்டாது.

தேனி மருமகள்:
போயிட்டு வந்தோம். கருவிழியில் சின்னப் புண் இருக்காம், விழித்திரை சுத்தம். அட்மிட் பண்ணி மருந்து ஏத்துறாங்க. ரெண்டு வயசுப் பேத்தி தாத்தாவைக் கேட்டு அழுவுது. சின்னம்மைத் தடுப்பூசி ஒண்ணுதான் போட்டிருக்கு, தாத்தாவைக் காட்டலாமா?

மறுபிறவி:
கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டட்டும். அதுவரை வீடியோ கால்தான்.