முஸ்தபா கேம் பெட்டியைச் சரிசெய்ய யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. 90களில் கேம் கடையில் காசு போட்டு நாம் 'முஸ்தபா' என்று ஆடியது, கேப்காம் 1993இல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். அதன் ஒரிஜினல் சர்க்யூட் போர்டோடு ஒரு பழைய பெட்டி கிடைத்திருக்கிறது. போனில் எமுலேட்டர், அதாவது பழைய கேம்களை ஓட்டும் ஆப் போட்டும் ஆடலாம், சரி. ஆனால் மூன்று பேர் தோள் இடித்துக்கொண்டு நின்று ஆடும் சுகம் அதில் ஏது?

போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்தால் கேம் ஓடத் தேவையான தகவல் அழிந்துவிடும், அப்புறம் சரியாக ஓடாது. பேட்டரியை மாற்றத் தெரிந்தவர்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் பக்கம் இருக்கிறார்களா? நல்ல பிக்சர் டியூப், ஜாய்ஸ்டிக் எங்கே கிடைக்கும்? இன்னொன்று, ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் என்று கடை போட்டால் பிள்ளைகளோடு வருவீர்களா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.