திரவப் படிக மசகு பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படிக்கும் என் அண்ணன் மகள், புராஜெக்டுக்குத் திரவப் படிகத்தை மசகாக எடுத்திருக்கிறாள். கால்குலேட்டர் திரையில் இருக்கும் வகைப் பொருள்தான். நெமாட்டிக் நிலையில், அதாவது திரவமாக ஓடினாலும் மூலக்கூறுகள் ஒரே திசை பார்த்து நிற்கும் நிலையில், அதன் குச்சி போன்ற மூலக்கூறுகள் உரசும் திசையிலேயே வரிசை கட்டிக்கொள்வதால் வழுக்கல் எளிதாகிறது. உராய்வுக் குணகம் (உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்) 0.01-க்குக் கீழே போவதுதான் இலக்கு. ஜெர்மனியில் 1,3-டைகீட்டோன் என்ற கரிமச் சேர்ம வகைத் திரவங்களை வைத்து, எஃகு மேல் ஓட்டிப் பழக்கியபின் அதை எட்டியிருக்கிறார்கள். படித்ததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை.

சிக்கல் வெயில்தான். 5சிபி என்ற திரவப் படிகம் சுமார் 24 முதல் 35 டிகிரி வரைதான் நெமாட்டிக். சித்திரையில் எங்கள் பட்டறைத் தகரத்துக்கு அடியில் அது சாதா எண்ணெய்தான். அப்புறம் உப்புக்காற்று. நேற்றுத் துடைத்து வைத்த பேரிங் குண்டில் இன்று காலை கடுகளவு துரு.

60 டிகிரி வரை நெமாட்டிக்காக நிற்கும் கலவை ஐந்து கிராம் எங்கே கிடைக்கும்? மதுரை, காரைக்குடிப் பக்கம் எந்தக் கல்லூரியிலாவது உராய்வு அளக்கும் பின்-ஆன்-டிஸ்க் கருவியை வெளி மாணவர்களுக்குத் தருவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன்.