கோல் அடித்தவன் கோச் ஆகலாமா? பிரையன் கிளஃப் பற்றி ஓர் ஐயம்

பாளை ஒன்பதாம் எண்:

அண்ணாச்சிமார் அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பதினான்கு ஆண்டுகளாக ஒன்பதாம் எண் சட்டை அணிந்து ஃபார்வர்டாக ஆடி வந்தவன் நான். சென்ற மார்கழியில் வெளியூர்ப் போட்டி ஒன்றில் வலது முட்டியின் ஜவ்வு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது நடக்கிறேன், நேராக ஓடவும் செய்கிறேன். ஆனால் சட்டென்று திரும்ப முடியவில்லை. திரும்ப முடியாத ஃபார்வர்டை எந்த அணி வைத்துக்கொள்ளும்?

எங்கள் அணியில் 15 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் மூத்தவர் ஒருவர், ஃபார்வர்டுக்குக் கோல் போஸ்ட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது, பின்னால் நின்று ஆடியவன்தான் இதற்குச் சரிப்படுவான் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். முட்டி போன பிறகு கோச் ஆன ஃபார்வர்டு யாரேனும் உண்டா என்று தேடியபோது இங்கிலாந்தின் பிரையன் கிளஃப் கிடைத்தார். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்தவர், பின்னர் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிக்கு 1979, 1980 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்தார். கோல் அடித்த அனுபவம் அவருக்கு உதவியதா, அல்லது அதை மறந்ததால்தான் வென்றாரா? அப்படிப்பட்டவர் லீட்ஸ் அணியில் 44 நாளில் ஏன் வெளியேற்றப்பட்டார்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

உவரிக் கோல்கீப்பர்:

தம்பி, உங்கள் மூத்தவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. கிளஃபின் கதையே அதற்குச் சான்று.

முதலில் அந்த 251 கோலைப் பற்றி ஒரு சொல். அவற்றில் ஏறத்தாழ எல்லாமே இரண்டாம் பிரிவில் மிடில்ஸ்பரோ, சண்டர்லாந்து அணிகளுக்காக அடித்தவை. இங்கிலாந்துக்காக 1959-இல் இரண்டே ஆட்டங்கள் ஆடினார், கோல் இல்லை. 1962 டிசம்பர் 26 அன்று, பரி அணிக்கு எதிரான ஆட்டத்தில் எதிரணிக் கோல்கீப்பருடன் மோதி, உங்களைப் போலவே முட்டி ஜவ்வு கிழிந்து விழுந்தபோது அவருக்கு வயது 27. (மோதியவர் எங்கள் இனத்தவர் என்பதில் எனக்கு வருத்தம்தான்.) 1964-இல் மீண்டு வந்து முதல் பிரிவில் மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார், முடியவில்லை. அந்த மூன்றில் அவர் அடித்த ஒரே கோல் லீட்ஸுக்கு எதிரானது என்பது பின்னால் நடந்ததை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. சண்டர்லாந்தில் அதன் பிறகு அவரிடம் கொடுக்கப்பட்ட வேலை இளைஞர் அணிக்குப் பயிற்சி அளிப்பது. நீங்கள் இப்போது நிற்கும் இடம்தான் அது.

1965-இல் முப்பது வயதில் நான்காம் பிரிவின் அடிமட்டத்தில் கிடந்த ஹார்ட்டில்பூல் அணிக்கு மேலாளராகப் போனார். காசில்லாத அணி; அணிப் பேருந்தை ஓட்டத் தாமே உரிமம் எடுத்தார் என்பார்கள். அங்கே போகும்போது அவர் தம்மோடு அழைத்துச் சென்றவர் யார் என்பதுதான் நான் சொல்ல வந்த செய்தி. மிடில்ஸ்பரோவில் உடன் ஆடிய கோல்கீப்பர் பீட்டர் டெய்லர். ஃபார்வர்டின் கண் எப்போதும் எதிரணியின் கோலைப் பார்த்தே பழகியது. மைதானம் முழுவதையும், தன் ஆட்கள் பத்துப் பேரின் முதுகையும் தொண்ணூறு நிமிடமும் பார்த்துக்கொண்டிருப்பவன் கோல்கீப்பர் ஒருவன்தான். எந்த ஆட்டக்காரன் எந்த இடத்துக்கு உரியவன் என்று கண்டுபிடிப்பதில் டெய்லர் கைதேர்ந்தவர், கண்டுபிடித்தவனை ஆட வைப்பதில் கிளஃப். இருவரும் சேர்ந்து 1967-இல் டெர்பிக்குப் போனார்கள். இரண்டாம் பிரிவில் கிடந்த அந்த அணி 1972-இல் இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது.

இப்போது லீட்ஸுக்கு வாருங்கள். 1974-இல் கிளஃப் அங்கே போனபோது டெய்லர் கூட வரவில்லை, டெர்பியை விட்டு இருவரும் போயிருந்த பிரைட்டன் அணியிலேயே தங்கிவிட்டார். ஆறு லீக் ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, 44 நாளில் வேலை போயிற்று. 1975 ஜனவரியில் ஃபாரஸ்ட் அணியை ஏற்றார். ஆனால் 1976-இல் டெய்லர் வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே எல்லாமே நடந்தது. 1977-இல் மூன்றாம் இடம் பிடித்து மேல் பிரிவுக்கு ஏறிய அணி, அடுத்த ஆண்டே சாம்பியன். டெய்லர் 1982-இல் விலகிய பிறகு கிளஃப் பதினோர் ஆண்டுகள் அங்கே இருந்தார். லீக் கோப்பையை இரண்டு முறை வென்றார், சாம்பியன் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ திரும்பக் கிடைக்கவில்லை. 1993-இல் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியதும் ஓய்வு பெற்றார்.

ஆகவே தம்பி, முதலில் ஒரு கோல்கீப்பரைத் தேடுங்கள். உவரி தூரம் என்பதால் நான் வர இயலாது.

ஜங்ஷன் வாசகன்:

உவரி அண்ணாச்சி சொன்னது கிளஃபுக்குப் பொருந்தலாம், எல்லோருக்கும் பொருந்தாது. நம் நாட்டிலேயே பி.கே. பானர்ஜி இருந்தாரே. வலப்புறத்து ஃபார்வர்டு, கொல்கத்தாவின் பெரிய அணிகளில் ஆடாமலே, கிழக்கு ரயில்வே அணிக்காக 1958-இல் கொல்கத்தா லீக்கை வென்றவர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணித் தலைவர், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவை 2-1 என வென்றபோது ஒரு கோல் அவருடையது. பயிற்சியாளராக அவருடைய ஆயுதம் பேச்சு. ஆட்டத்துக்கு முன் அவர் பேசும் பேச்சுக்கு ‘வோக்கல் டானிக்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் அவருடைய ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என வீழ்த்தியது. இரண்டே ஆண்டு கழித்து, அதே மோகன் பகானுக்குப் பயிற்சியாளராகி, பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனில் 2-2 என டிரா செய்ய வைத்தார். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியின்போது பி.கே. மீண்டும் ஈஸ்ட் பெங்காலில் இருந்தார்; அதற்கு முன்னர், எதிரணியான மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களைப் பத்திரிகைகளில் கேலி செய்திருந்தார். பி.கே. அந்தக் கேலியை அப்படியே எடுத்துத் தம் பையன்களைச் சூடேற்றினார். ஃபார்வர்டு பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, 4-1 என வெற்றி. ஒரு ஃபார்வர்டின் உள்ளத்தில் என்ன ஓடுகிறது என்பது இன்னொரு ஃபார்வர்டுக்குத்தானே தெரியும்?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

இருவரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேட்டவருக்குப் பயன்படக்கூடிய ஒன்று விடுபட்டுவிட்டது.

கிளஃப் தம் ஆட்டத்தைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. பர்மிங்காமில் முன்களத்தில் நின்று கோல் அடித்துக்கொண்டிருந்த கென்னி பர்ன்ஸை வாங்கி, நடுத் தற்காப்பில் நிறுத்தினார். 1978-இல் பத்திரிகையாளர்கள் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தெடுத்தது அந்த பர்ன்ஸைத்தான். ஜான் ராபர்ட்சன், உடல் கனத்து, சிகரெட்டும் கையுமாக, நடுக்களத்தில் யார் கண்ணிலும் படாமல் இருந்தவர். அவரை இடது ஓரத்துக்கு மாற்றிப் பந்தைக் காலுக்கே கொடுக்க வைத்தார்கள். 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ட்ரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிக் கோலாக்கிய பந்து ராபர்ட்சன் அனுப்பியது. 1980 இறுதி ஆட்டத்தின் ஒரே கோலும் ராபர்ட்சனுடையது. கவனியுங்கள், 251 கோல் அடித்த மனிதர் இன்னொரு கிளஃபைத் தேடிக்கொண்டிருக்கவில்லை.

மான்செஸ்டர் யுனைடெட் அணியின் மேலாளராகப் புகழ்பெற்ற அலெக்ஸ் ஃபெர்குசனும் ஃபார்வர்டுதான். 1965-66 பருவத்தில் டன்ஃபர்ம்லின் அணிக்காக 31 லீக் கோல் அடித்தவர். 1969 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ரேஞ்சர்ஸுக்கு ஆடிய அவர் காவல் நிற்க வேண்டிய செல்டிக் ஆட்டக்காரர் பில்லி மெக்நீல், இரண்டாவது நிமிடத்திலேயே கார்னர் பந்தைத் தலையால் முட்டி கோலாக்கினார். ரேஞ்சர்ஸ் 4-0 எனத் தோற்றது. பழி ஃபெர்குசன் மேல் விழுந்தது.

பாளை ஒன்பதாம் எண் அவர்களே, உங்களை நான் பார்த்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். போன வாரம் விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வ.உ.சி. மைதானத்துக்கு வந்தபோது, வலது காலை லேசாகத் தாங்கி நடந்த ஒருவர் பாக்ஸின் விளிம்பில் பன்னிரண்டு பந்துகளை வரிசையாக வைத்தார். பதினொன்றை அவரே அடித்தார். பையன்கள் அத்தனை பேரும் வலைக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தார்கள், கைதட்டவும் செய்தார்கள். கடைசிப் பந்தை ஒரு பையனிடம் கொடுத்தார். அவன் அடித்து முடிப்பதற்குள் ‘காலை அப்படி வைக்காதே’ என்று குரல் வந்துவிட்டது. நீங்கள் இல்லையென்றால் மன்னிக்கவும்.

இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு மேல் சி, பி, ஏ எல்லாம் ஆசியக் கூட்டமைப்பின் உரிமங்கள்; அவற்றைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

பாளை ஒன்பதாம் எண்:

ஐயா, அது நான்தான். அந்தப் பதினொன்றில் மூன்று வெளியே போனதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எழுதாமல் விட்டதற்கு நன்றி.

லீட்ஸ் பற்றி உவரி அண்ணாச்சி சொன்னதோடு நான் வேறொன்றும் படித்தேன். முதல் நாட்களிலேயே அந்த ஆட்டக்காரர்களைப் பார்த்து, நீங்கள் வென்ற பதக்கங்களைக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், நேர்மையாக வென்றவை அல்ல என்று கிளஃப் சொன்னதாக அவர்கள் பின்னாளில் கூறியிருக்கிறார்கள். பி.கே. பானர்ஜியிடம் இருந்ததும் இவரிடம் இருந்ததும் ஒரே வாய்தான் போலிருக்கிறது. யாரிடம் எப்போது திறந்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

சமாதானபுரத்தில் டீக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒன்பது ஆண்டுகள் எங்கள் கோல்கீப்பராக இருந்தவர். நேற்று மாலை அவரிடம் பேசினேன். காலை வியாபாரத்தை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுத் திங்கள் முதல் வருவதாகச் சொன்னார், ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: முதல் ஒரு மாதம் நான் பந்தைத் தொடக்கூடாதாம், விசில் மட்டும்தானாம். இரண்டு வாரம் என்று பேரம் பேசிப் பார்த்தேன். அவர் கிளாஸைக் கழுவிக்கொண்டே தலையை ஆட்டிவிட்டார்.