ஆன்லைன் விளையாட்டுகளில் ஏமாந்ததும் ஏமாற்றியதும்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஹேக் போட்டு ஜெயித்தவன், எய்ம்பாட் (தானே குறிபார்த்துக் கொடுக்கும் மென்பொருள்) வைத்துச் சுட்டவன் கதைகள் இந்த இழைக்கு வேண்டாம். ஆட்டத்தில் எல்லாருக்கும் கிடைக்கிற பொருளை, எல்லாருக்கும் பொதுவான விதியை வைத்தே ஒருவர் இன்னொருவரை ஆட்டிவைத்த கதைகள்தான் வேண்டும். புரளி, குறும்பு, பொறி, கொஞ்சம் திருட்டு இருந்தாலும் பரவாயில்லை.

பிள்ளையார் சுழியாக ஊரறிந்த கதை ஒன்று. 1997 ஆகஸ்ட், அல்டிமா ஆன்லைன் வெளிவருவதற்கு முந்தைய சோதனை ஓட்டம். ஆட்டத்தை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட், லார்ட் பிரிட்டிஷ் என்ற அரசர் வேடத்தில் குடிமக்களைப் பார்க்க வருகிறார். அந்தப் பாத்திரத்தை யாராலும் கொல்ல முடியாது, ஆனால் அதற்கான அமைப்பைப் போட்டுவைக்க வேண்டும். இடையில் சர்வர் விழுந்து எழுந்தபோது மனிதர் அதை மறுபடி போட மறந்துவிட்டார். கூட்டத்தில் ரெயின்ஸ் என்ற பெயரில் ஆடியவர் நெருப்பை வரவழைக்கும் மந்திரச் சுருள் ஒன்றை வீச, அரசர் பொத்தென்று விழுந்தார். அந்தச் சுருள்கூடச் சொந்தமில்லை, இன்னொருவர் பையில் கைவிட்டு எடுத்தது! ரெயின்ஸைப் பிறகு சோதனையிலிருந்து நீக்கினார்கள். ஆனால் கொலைக்காக இல்லையாம். ஏற்கெனவே ஆட்டத்தின் பிழைகளைப் புகார் செய்யாமல் தன் லாபத்துக்குப் பயன்படுத்தியதற்காம். நம்புகிறவர்கள் நம்பலாம்.

என் பங்கு அவ்வளவு பெரிதில்லை, பப்ஜி மொபைல் காலத்தது. அதில் ஆட்டம் தொடங்கும்போது வீட்டுக் கதவெல்லாம் மூடியிருக்கும். கதவு திறந்திருந்தால் யாரோ வந்து உள்ளிருந்த பொருளைப் பொறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை எல்லாரும் ஒரு கட்டத்தில் கற்றுக்கொள்வார்கள், அதற்குப் பிறகுதான் வேடிக்கை. நாங்கள் இருக்கும் வீட்டின் கதவுகளைச் சாத்திவிட்டு, எதிர்வீட்டின் கதவுகளையெல்லாம் திறந்துவைப்போம். வருகிறவர்கள் காலி வீட்டுக்குள் கையெறி குண்டாக வீசுவார்கள். நாங்கள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் ஸ்குவாடில் வண்டி ஓட்டுகிறவர் ஒருத்தர் இருந்தார். தன்னை யாராவது கிண்டல் செய்தால் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கடலுக்குள் விடுவார். 2020 செப்டம்பரில் இந்தியாவில் ஆட்டத்தைத் தடை செய்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவர்தான்.

சரி, உங்கள் முறை.

* * *

மைன்கிராஃப்ட் பற்றி யாரும் சொல்வதற்கு முன் நான் இடம் பிடித்துக்கொள்கிறேன்.

ஹீரோபிரைன் தெரியாதவர்களுக்கு: 2010இல் இணையத்தில் முளைத்த புரளி. தனியாக ஆடிக்கொண்டிருக்கும்போது பனிமூட்டத்துக்கு அந்தப் பக்கம் நம் பாத்திரத்தின் அதே சட்டை, அதே முகத்தோடு ஒருவன் நிற்பான். கண்ணில் கருவிழி இருக்காது, வெறும் வெள்ளை. கிட்டே போனால் காணாமல் போவான். அவன் வந்துபோன அடையாளங்கள் மட்டும் இருக்கும்: இரண்டுக்கு இரண்டு அளவில் சுரங்கம், இலையே இல்லாத மரங்கள், கடல் நடுவே மணல் பிரமிடு. ஆட்டத்தை உருவாக்கிய நாட்சின் இறந்துபோன சகோதரன்தான் அவன் என்று கிளைக்கதை வேறு. அப்படி ஒரு சகோதரனே தனக்கு இல்லை என்று நாட்ச் சொல்லிப் பார்த்தார், யார் கேட்டார்கள்! பிறகு ஆட்டத்தின் நிறுவனமான மோஜாங்கே விளையாட ஆரம்பித்துவிட்டது. 2011 முதல் பல பதிப்புகளின் மாற்றப் பட்டியலில் ‘ஹீரோபிரைன் நீக்கப்பட்டார்’ என்று ஒரு வரி இருக்கும். இல்லாதவனை எப்படி நீக்குவது? அப்போது முன்பு இருந்தானா? புரளியைக் கொல்லாமல் சோறு போட்டு வளர்த்தார்கள். விளையாட்டு நிறுவனம் ஒன்று செய்த நல்ல குறும்பு இதுதான் என்பேன்.

எங்கள் கல்லூரி விடுதியில் வார்டனுக்குத் தெரியாமல் ஒரு பழைய கணினியில் சர்வர் ஓடியது. அதற்கு ஆப், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகி, நான். பக்கத்து அறை மெக்கானிக்கல் பையனுக்குப் பேய்க்கதை என்றால் உயிர், பயமும் அதே அளவு. முதல் வாரம் ஒன்றுமே காட்டவில்லை. அவன் வீட்டைச் சுற்றியிருந்த மரங்களின் இலைகளை மட்டும் கத்தரித்து எடுத்தேன். அடிமரத்தை வெட்டக் கூடாது, மொட்டையாக நிற்க வேண்டும். அப்புறம் அவன் அடித்தளத்துக்குப் பின்னால் எங்கும் போகாத ஒரு சுரங்கம், உள்ளே சிவப்பு ரெட்ஸ்டோன் தீப்பந்தங்கள். அதைக் கண்டுபிடித்த அன்று சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு என்னிடமே வந்து, ‘மச்சி, நம்ம சர்வர்ல ஏதோ இருக்குடா’ என்றான். சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு!

உருவத்தைக் காட்டுவதில்தான் சிக்கல். தலைக்கு மேலே பெயர் தெரியும். அதற்கு டீம் கட்டளையில் பெயர்ப்பட்டையை மறைக்கும் வசதி இருக்கிறது. உள்ளே நுழைந்தால் மஞ்சள் எழுத்தில் ‘இன்னார் வந்தார்’ என்று எல்லாருக்கும் செய்தி போகும், அதனால் அவன் வருவதற்கு முன்பே இன்னொரு கணக்கில் நுழைந்து காத்திருக்க வேண்டும். சர்வரின் பார்வைத் தூரத்தைக் குறைத்தால் மூட்டம் பக்கத்தில் வந்துவிடும். வெள்ளைக் கண் தோற்றத்தோடு அந்த மூட்டத்தின் விளிம்பில் போய் நின்றேன். பக்கத்து அறையிலிருந்து வந்த அலறல் வார்டன் அறை வரை கேட்டிருக்கும்.

நான் மறந்தது ஒன்றே ஒன்று. டேப் விசையை அழுத்தினால் உள்ளே இருக்கிற எல்லார் பெயரும் பட்டியலாக வரும். பையன் அலறி முடித்ததும் அதைத்தான் அழுத்தியிருக்கிறான். என்னிடம் மூச்சு விடவில்லை. கொஞ்ச நாள் முட்டையாகச் சேர்த்து, நான் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டுக்குள் வீசித் தள்ளிவிட்டான். சராசரியாக எட்டில் ஒரு முட்டை குஞ்சு பொரிக்கும். நான் உள்ளே நுழைந்தபோது தரையே தெரியவில்லை, கோழிக் கூட்டத்தில் சர்வரே திக்கித் திணறியது.

* * *

விடுதிப் பையனுக்குச் செய்தது சரி தம்பி, அவனும் பதிலுக்குச் செய்துவிட்டான். ஆனால் இதைச் சின்னப் பிள்ளைகளிடம் செய்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. நான் ஆடுகிறவள் இல்லை, அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற சித்தி.

2017இல் ரோப்லாக்ஸில் ஜான் டோ என்ற கணக்கு மார்ச் 18 அன்று எல்லார் கணக்கையும் ஹேக் செய்யப் போகிறது என்று யூடியூபில் வீடியோவாகக் கொட்டினார்கள். ஜான் டோ என்பது அந்த நிறுவனமே தொடக்க காலத்தில் சோதனைக்காக உருவாக்கிய கணக்கு, யாரும் ஆடுவதில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று ரோப்லாக்ஸும் அறிவித்தது. எங்கள் வீட்டுப் பெரியவன் அதையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை. ஆட்டத்தைத் திறக்க மாட்டேன் என்று அடம். கடைசியில் டேப்லெட்டையே துணி அலமாரியில் ஒளித்துவைத்தான். அந்த வீடியோக்காரர்களுக்குப் பார்வைகள் ஏறின, எனக்கு இரவெல்லாம் தூக்கம் போனது.

சின்னவன் கதை வேறு. ஃப்ரீ ஃபயர் ஆடுவான். இலவச டைமண்ட் (அந்த ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு) தருகிறோம், உங்கள் ஐடியையும் ஃபேஸ்புக் கடவுச்சொல்லையும் போடுங்கள் என்று ஒரு தளம். எண்ணிக்கை ஓடுகிற மாதிரி ஒரு பட்டை வேறு, பார்த்தால் நிஜம் போலவே இருக்கும். அந்த ஃபேஸ்புக் கணக்கு அவன் அம்மாவுடையது. டைமண்ட் வரவில்லை, கணக்கு போனது. பிறகு அதிலிருந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் ‘அவசரம், பணம் அனுப்பு’ என்று செய்தி வர ஆரம்பித்தது. பெரியப்பா ஒருவர் அனுப்பியே விட்டார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள், குறும்பிலா?

* * *

அக்கா சொன்ன இரண்டாவது கதைக்கு ஒரு மூத்த தலைமுறை இருக்கு. நான் கொழும்பு வெள்ளவத்தை. பள்ளிக்கூடம் விட்டால் பெடியள் எல்லாரும் நெற் கஃபேயில்தான். ரூன்ஸ்கேப் பிரவுசரிலேயே ஓடும், விளையாட்டைக் கணினியில் தனியாக நிறுவத் தேவையில்லை. அதனால் கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அந்த விளையாட்டில் கவசத்துக்குத் தங்கக் கரை வைத்த வகை ஒன்று உண்டு. புதையல் வேட்டைப் பரிசாக மட்டும்தான் அது கிடைக்கும். சாதாரணக் கவசத்துக்குக் கரை வைக்கிற திறமை எவருக்கும் கிடையாது. ஆனால் வங்கி வாசலில் எந்த நேரமும் ஒருவன் ‘கவசத்துக்கு இலவசமாகக் கரை வைத்துத் தருவேன்’ என்று கூவிக்கொண்டு நிற்பான். புதிதாய் வந்தவனுக்கு இது எப்படித் தெரியும்? கொடுப்பான். வாங்கினவன் நடையைக் கட்டுவான்.

இதைவிட நுணுக்கமானது ஆல்ட் எஃப்4. ‘பொருளைக் கீழே போட்டுவிட்டு ஆல்ட்டையும் எஃப்4ஐயும் சேர்த்து அழுத்து, இரண்டாகிவிடும்’ என்பார்கள். அழுத்தினால் ஜன்னல் மூடிவிடும், அவ்வளவுதான். இதிலே ரூன்ஸ்கேப் விதி ஒன்று ஒளிந்திருக்கு. கீழே போட்ட பொருள் முதல் ஒரு நிமிடம் போட்டவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும், பிறகுதான் மற்றவர்களுக்கு. அவன் மறுபடி நுழைந்து, கடவுச்சொல் அடித்து, இடத்துக்கு வருவதற்குள் அந்த நிமிடம் முடிந்திருக்கும். களவெடுக்கிறவன் ஆறுதலாகப் பக்கத்தில் நின்று பொறுக்குவான். எங்கள் கஃபேயில் வெளியூர்க்காரனிடம் இதைச் செய்ய வேண்டிய தேவையே இல்லை. பக்கத்துக் கதிரையில் இருக்கிற கூட்டாளியின் விசைப்பலகையில் எட்டி நீங்களே ஆல்ட் எஃப்4 அடிக்கலாம். அடிபிடி வந்து கடைக்காரர் எங்களை வெளியே தள்ளுவார்.

எல்லாவற்றுக்கும் மேலே 2006 ஜூன் 6. வீடு கட்டும் திறமை வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதில் 99ஆம் நிலையை முதலில் தொட்டவர் தன் வீட்டில் விருந்து வைக்கிறார். கூட்டம் தாங்காமல் சர்வர் இழுக்கிறது. வீட்டுக்காரர் எல்லாரையும் வெளியே அனுப்புகிறார். உள்ளே சண்டைக் களத்தில் நின்ற சிலருக்கு, வெளியே வந்த பிறகும் மற்றவர்களைத் தாக்கும் அனுமதி ஒட்டிக்கொண்டது. தாக்கப்படுகிறவர் திருப்பி அடிக்க முடியாது. டூரியல்321 என்ற பெயரில் ஆடியவர் ஃபாலடோர் நகரத்துக்குள் புகுந்து, சண்டையே நடக்கக் கூடாத இடத்தில் கண்டவர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்தார். ஒருவரிடமிருந்து விழுந்த பச்சைப் பார்ட்டி தொப்பி அந்த நாளில் பெரும் செல்வம். அவர் கணக்கை நிரந்தரமாய் முடக்கினார்கள். சிலர் இன்றைக்கும் அவரை வீரர் மாதிரிக் கதைக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு வீரமும் தெரியவில்லை, ஆனால் அந்த நேரம் அங்கே நின்று பார்த்திருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் இருக்கு.

* * *

சண்டை கூடாத இடத்தில் சாவு என்றால் நான் பார்த்திருக்கிறேன். 2005 செப்டம்பர், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். நான் அப்போது கனடாவின் ஸ்கார்பரோவில் மாணவன்.

சுல்குரூப் என்று ஒரு புதிய கோயில் நகரம் வந்தது. அதன் கடைசி எதிரி ஹக்கார், ‘கெட்ட ரத்தம்’ என்று ஒரு நோயை நம் மேல் ஏவுவான். பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்றும். கோயிலை விட்டு வெளியே வந்தால் போய்விட வேண்டும் என்பதுதான் திட்டம். வேட்டைக்காரர்களின் வளர்ப்பு விலங்கை யாரும் யோசிக்கவில்லை. நோய் தொற்றிய விலங்கை அங்கேயே மறையவைத்துவிட்டு, தலைநகரத்தில் மறுபடி அழைத்தால் அது நோயோடே வரும். அயர்ன்ஃபோர்ஜ் வங்கிக்கு முன்னால் எலும்புக்கூடுகள் கம்பளமாகக் கிடந்தன. பெரிய நிலையில் இருப்பவர்கள் தாங்கினார்கள், சின்னவர்கள் நொடியில் செத்தார்கள். ஏலக்காரர், காவலர் போன்ற கணினிப் பாத்திரங்கள் சாகவே மாட்டார்கள், பரப்பிக்கொண்டே மட்டும் இருப்பார்கள்.

தெரியாமல் பரப்பியவர்களைப் பற்றி எனக்குக் கோபமில்லை. எங்கள் கில்டிலேயே (சேர்ந்து ஆடும் குழு) ஒருவர் வேண்டுமென்றே நோயை ஏந்திக்கொண்டு, கூட்டமான இடமாகப் பார்த்து ஓடினார். கேட்டால், ‘எப்படியும் மறுபடி உயிர் வந்துவிடும், என்ன நஷ்டம்?’ என்பார். இன்னொரு பக்கம், தெரியாதவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றவர்களும் இருந்தார்கள். பாவம், அவர்கள் வைத்தியத்தால் நோயாளி கூடுதல் நேரம் உயிரோடிருந்து இன்னும் நாலு பேருக்குக் கொடுத்தான். நகரத்துக்கு வராதீர்கள் என்று ஆட்டத்தை நடத்தும் பிளிசார்ட் கேட்டுக்கொண்டதையும் யாரும் மதிக்கவில்லை. கடைசியில் சர்வர்களை மீட்டமைத்து, ஆட்டத்தையே மாற்றித்தான் அடக்கினார்கள்.

2007இல் லோஃப்கிரன், ஃபெஃபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். நிஜக் கொள்ளைநோயில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று பார்க்க இது உதவுமா என்பது கேள்வி. வேடிக்கை பார்க்க வந்து நோயோடு திரும்பியவர்களையும் அதில் கவனித்திருந்தார்கள். எங்கள் கில்ட் நண்பரிடம் அந்தக் கட்டுரையைக் காட்டியபோது, மனிதர் தன் பெயர் வந்திருக்கிறதா என்றுதான் தேடினார்.

* * *

சித்தி கேட்ட கேள்விக்கு ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டம் ஆடுகிறவன் என்ற முறையில் ஒரு பதில். அம்மாவின் ஃபேஸ்புக் போனது சுத்தமான திருட்டு, ஆட்டத்துக்கு வெளியே நடந்தது. ரூன்ஸ்கேப் கவசக்காரனும் எனக்குத் திருடன்தான், ஏனென்றால் அங்கே அது தடை செய்யப்பட்ட காரியம். ஆனால் ஈவில் மோசடி விதிக்கு உட்பட்டது. 2005இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிக் கூட்டம், உபிக்வா செராஃப் என்ற ஆட்டக்காரர் நிறுவனத்துக்குள் பல மாதங்கள் ஊழியர்களாக ஊடுருவி, நம்பிக்கை சம்பாதித்து, ஒரே நாளில் தலைவியின் கப்பலை வெடிக்கவைத்துக் கிடங்குகளைக் காலி செய்தது. உண்மைப் பண மதிப்பில் சுமார் 16,500 டாலர் என்று கணக்கிட்டார்கள். ஆட்டத்தை நடத்தும் சிசிபி நிறுவனம் ஒருவரையும் தண்டிக்கவில்லை. அங்கே நுழைகிறவனுக்கு முதல் நாளே தெரியும், எல்லாரும் பொய் சொல்லலாம் என்று.

தெரிந்தும் விழுவார்கள் என்பது வேறு விஷயம். ஜிட்டா என்ற சந்தை நட்சத்திர மண்டலத்துக்குப் போய் அரட்டைப் பெட்டியைப் பாருங்கள். ‘பணம் அனுப்பு, இரட்டிப்பாகத் தருகிறேன்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். சின்னத் தொகை அனுப்பினால் நிஜமாகவே இரண்டு மடங்கு திரும்பி வரும். அடுத்து பெரிய தொகை அனுப்புவீர்கள், திரும்ப வராது. இதை ஒருவரிடம் விளக்கிச் சொன்னேன். ‘சரி, அப்போ சின்னத் தொகை மட்டும் அனுப்பி லாபம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்றார். நிஜமாகவே அனுப்பினார். எதிர்ப்பக்கம் இருந்தவன் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டான்.